இருபத்திரண்டுக்குப் பிறகு இருபத்துநான்கு

ஜூலை 3, வியாழன்

பாளையங்கோட்டையிலிருந்து மத்தியானம் வீடு வந்து சேர்ந்தோம். இவருக்குக் கணையத்தில் கட்டி. ஈரலுக்கும் பரவிவிட்டதாம். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "இனிமே அவரை அலைக்கழிக்க வேண்டாம்மா. வீட்ல வச்சு நல்லாப் பாத்துக்கோங்க" என்றார். சின்ன வயசு டாக்டர். சொல்லி முடிக்கிறவரை மேசைமேல் கிடந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பேனாமேல்கூடக் கோபம் வந்தது.

வெளியே பெஞ்சில் இவர் யாரோ ஒரு ரிட்டையர்ட் கண்டக்டரோடு பென்ஷன் கதை பேசிக்கொண்டிருந்தார். அரசு பஸ் ஓட்டியவருக்கு எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் ஒரு கண்டக்டர் கிடைத்துவிடுகிறார். "என்னளா சொன்னாரு?" என்று கேட்டார். "குடல்ல புண்ணாம். உறைப்பு ஆகாதாம்" என்றேன். "அப்பாடா" என்றார். நம்பிவிட்டார். நல்லது.

வந்ததும் முற்றம் பெருக்கினேன். கோழிக்கூட்டைக் கழுவினேன். பெருக்கின முற்றத்தை மறுபடியும் பெருக்கினேன்.

இந்த நோட்டு சபை வேலைக்காக வைத்திருந்தது. பைபிள் உமன் என்றால் அன்றன்றைக்கு எந்த வீட்டுக்குப் போனோம், எந்த வேதபகுதி வாசித்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். குருவானவர் ஐயா எனக்கு லீவு கொடுத்துவிட்டார். இனி நான் சந்திக்க வேண்டியது இந்த ஒரு வீடுதான். கை சும்மா இருந்தால் மனசு கண்டபடி ஓடும் என்பதால் இதையும் எழுதி வைக்கிறேன்.

சாயந்தர ஜெபத்தில் வாசித்தது: சங்கீதம் 15.

ஜூலை 4, வெள்ளி

ராத்திரி தூங்காமல் கணக்குப் போட்டேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் சாயந்தர ஜெபத்துக்கு வேதத்தை வரிசையாகத்தான் வாசிப்போம். நாளுக்கு ஓர் அதிகாரம். நான் வாசிப்பேன், இவர் கண்ணை மூடிக்கொண்டு பாதித் தூக்கத்தில் கேட்பார், கடைசியில் ஊருக்கே கேட்கும்படி ஆமென் சொல்லுவார். போன மாதம் யோபு புத்தகத்தை முடித்துவிட்டுச் சங்கீதத்துக்கு வந்தோம். இப்படியே போனால் அடுத்த வாரம் இருபத்துமூன்று வந்துவிடும்.

மற்ற வீட்டில் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். இந்தச் சபையில் சொர்ணபாய் இருபத்துமூன்றாம் சங்கீதம் வாசித்தாள் என்றால் அர்த்தம் வேறு. சாகக் கிடக்கிறவர்கள் தலைமாட்டில் உட்கார்ந்து நான் வாசிப்பது அதைத்தான். மேய்ப்பர், பசும்புல், அமைதியான தண்ணீர், இருட்டுப் பள்ளத்தாக்கு, கடைசியில் கர்த்தருடைய வீடு. யாரும் எனக்குச் சட்டம் போடவில்லை. அப்படியே பழகிப்போயிற்று.

ஒரு தடவை தவசிமுத்து அண்ணாச்சி குடலிறக்க ஆபரேஷன் முடிந்து சுகமாகப் படுத்திருந்தார். பார்க்கப் போன நான் வாய் தவறி அதை ஆரம்பித்துவிட்டேன். அவர் மனைவி "ஐயோ, டாக்டரு எங்கிட்ட மறைச்சிட்டாரே" என்று மாரில் அடித்துக்கொண்டாள். மதுரையிலிருந்து மகன் டாக்ஸி பிடித்து வந்து சேர்ந்தான். அண்ணாச்சி இன்றைக்கும் பனங்கிழங்கு தின்றுகொண்டு நன்றாக இருக்கிறார். எங்கள் வீட்டில் இவர் அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்வார். "எங்கிட்ட மட்டும் அந்த இருபத்துமூணை எடுத்துராதளா. நான் பாட்டுக்கு எந்திச்சு ஓடிருவேன்" என்பார்.

அதனால்தான் பயம். பயம் என்றில்லை. அதை வாசித்தால் இவருக்கு எல்லாம் தெரிந்துபோகும். அவ்வளவுதான்.

வாசித்தது: 16.

ஜூலை 5, சனி

பரணை ஒழித்தேன். உடைந்த குடை மூன்று, கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரம் ஒன்று. "எங்க போறதுக்கு இப்படி மூட்டை கட்டுத?" என்று கட்டிலில் இருந்தபடியே கேட்டார். 17.

ஜூலை 6, ஞாயிறு

கோவிலுக்கு நான் மட்டும் போனேன். வாசலில் எல்லாரும் கேட்டார்கள், "மாசிலாமணி அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு?" புண் ஆறிவருகிறது என்றேன். கோவில் வாசலிலேயே நின்றுகொண்டு பொய் சொன்னேன். பிரசங்கம் ஒன்றும் காதில் விழவில்லை.

இன்றைக்குப் பதினெட்டு. நல்ல நீளமான சங்கீதம், ஐம்பது வசனம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். "மூணு நாளாப் பிரிச்சு வாசிப்போம்ங்க, நீங்க களைப்பா இருக்கீங்க" என்றேன்.

"நான் படுத்துதானே கெடக்கேன். படிக்கிறவளுக்குத்தான் களைப்பு."

"ஆமா, எனக்குத்தான் களைப்பு" என்று சொல்லிப் பதினைந்து வசனத்தோடு மூடிவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

பதினெட்டு முடிந்துவிட்டது. இன்னும் நீளமாக எழுதியிருக்கலாம் தாவீது.

ஓசூரிலிருந்து பெனினா போன் பண்ணினாள். "அப்பாட்ட சொல்லிட்டியாம்மா?" என்றாள். சொல்லவில்லை என்றேன். "ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்லுத. அப்பாட்ட சொல்ல ஒனக்கு வாய் வரலையா?" என்று அழுதாள். நான் போனை வைத்துவிட்டேன். மகள் என்றாலும் கேட்கிற கேள்விக்கு ஒரு அளவு வேண்டும்.

அதற்குப் பிறகு உளுந்தை ஊறப் போட்டேன். களி கிண்டினேன். இவர் இரண்டு வாய் தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, மீதியை நான் பார்க்காதபோது ஜன்னல் வழியாகக் கோழிக்குப் போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஜூலை 10, வியாழன்

20. இவருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. சிரித்தால் பயமாக இருக்கிறது. பித்தளைப் பாத்திரத்தை எல்லாம் எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். உட்காரச் சொல்லித் திட்டுகிறார். என்னால் உட்கார முடியவில்லை.

ஜூலை 12, சனி

இன்றைக்கு இருபத்திரண்டு. கைவிடப்பட்ட ஒருவன் கடவுளைப் பார்த்துக் கூப்பாடு போடுகிற சங்கீதம். அதை வாசிக்க எனக்குக் கஷ்டமே இல்லை. ஒரு சொல்லும் தடுக்கவில்லை. முடித்ததும் இவர், "இன்னைக்கு நல்லாப் படிச்ச" என்றார்.

நாளைக்கு என்ன செய்யப்போகிறேன்? தலைவலி என்று படுத்துக்கொள்ளலாம். கரண்ட் போனால்கூட நல்லது. ஆண்டவரே, கரண்ட் போகட்டும் என்று ஜெபம் பண்ணின பைபிள் உமன் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூலை 13, ஞாயிறு

கரண்ட் போகவில்லை.

வாசித்தது: 24. இவர் கவனிக்கவில்லை. ஆமென் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். உடம்பு முடியாததால் இருக்கும்.

ஜூலை 14, திங்கள்

25. அதைத் தாண்டிவிட்டால் மனசு லேசாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. வேலை நேரத்தில் வேலையை விட்டு ஓடி வந்தவள் மாதிரி நாளெல்லாம் உறுத்தல். எத்தனையோ வீட்டில் அழாமல் வாசித்தேன். அந்த வீட்டுக்காரர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாக இருந்தது என்பார்கள். அப்போதெல்லாம் நான் நம்பித்தான் வாசித்தேனா, அல்லது அது அடுத்த வீட்டுச் சாவு என்பதால் வாசிக்க முடிந்ததா? இதை யாரிடமும் கேட்க முடியாது.

மெத்தை உறையை இரண்டு தடவை துவைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

நிறைய எழுத வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

மத்தியானக் கஞ்சி கொடுத்துவிட்டு, தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டார்.

"சொர்ணம், இங்கன வா. அந்தக் குத்துப்போணிய விட்டுரு. அது தேஞ்சே போவும்."

போனேன். கட்டில் பக்கத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

"இருபத்திரண்டுக்குப் பொறவு இருபத்துநாலா வரும்?"

"ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்" என்றேன். இருபத்துமூன்று ஆறே வசனம். ஒரு தாளில் கால்வாசிகூட வராது. அது அவருக்கும் தெரியும்.

"திருச்செந்தூர் ரூட்ல அத்தனை வருசம் ஓட்டிருக்கேன். ஆளு கை காட்டாட்டாலும் ஸ்டாப்புல நிறுத்திட்டுத்தான் எடுப்பேன். நீ என்னடான்னா ஒரு பெரிய ஸ்டாப்பையே தாண்டிப் போயிட்ட."

"உங்களுக்குத்தானே அது பிடிக்காது? எடுத்துராதன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"வெளையாட்டுக்குச் சொல்லுததுளா அது. எடு, படி."

நான் கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்யத் தொடங்கினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி பெஞ்சுல எங்கூட ஒரு கண்டக்டர் இருந்தாம்லா? அவன் பொண்டாட்டிக்கும் இதே கணையம்தான். நீ உள்ள இருந்தப்பவே அவன் எல்லாம் சொல்லிட்டான். டாக்டரு வீட்டு ஆளைத் தனியா உள்ள கூப்பிட்டாருன்னா அதுக்கு என்ன அர்த்தம்னுகூடச் சொல்லிட்டான்."

"அப்ப எதுக்கு 'அப்பாடா'ன்னீங்க?"

"நீ வந்து நின்ன நெலம அப்படி. நானும் துருவிக் கேட்டா நீ அங்கனயே விழுந்திருப்ப."

பன்னிரண்டு நாளாக நான் இவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். இவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டு கிடந்திருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "நல்லா நடிச்சீங்க போங்க" என்று சொல்லிவிட்டு வேதத்தை எடுத்தேன்.

முதல் மூன்று வசனம் வாசித்துவிட்டேன். பள்ளத்தாக்கு வந்தது. குரல் நின்றுவிட்டது. எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, வாய் வரவில்லை. மனப்பாடமாகத் தெரிந்ததுதான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், அதுவும் வரவில்லை.

அப்போது இவர் சொல்ல ஆரம்பித்தார். கண்ணை மூடிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து. ஞாயிறு பள்ளியில்கூட ஒரு வசனம் ஒப்புவிக்காத மனுஷன். கோவிலில் கடைசிப் பெஞ்சில் இருந்து பிரசங்கம் தொடங்கியதும் வெளியே போய்விடுகிற மனுஷன். பள்ளத்தாக்கு, பயமில்லை, கூடவே வருகிறவர், கோல், தடி, பந்தி, நிரம்பி வழிகிற பாத்திரம், ஒன்றுகூடத் தப்பவில்லை. தடிக்குப் பிறகு நான் எப்போதும் மூச்சு வாங்க நிறுத்துவேன். அவரும் அங்கே நிறுத்தினார். கடைசி வசனத்தை நான் இழுக்கிற மாதிரியே இழுத்தார்.

"இதை எங்க படிச்சீங்க?"

"எங்க போய்ப் படிக்க? டூட்டி இல்லாத நாளெல்லாம் ஒன்ன வண்டில கொண்டு விட்டுட்டு வெளிய நிப்பேம்லா. சாவு வீட்டுக்குள்ள வர எனக்குத் தெம்பு கெடையாது. ஜன்னல் வழியா நீ படிக்கது கேக்கும். ஒவ்வொரு தடவையும் கேப்பேன். மழையில நனைஞ்சுக்கிட்டுகூடக் கேட்டிருக்கேன். நல்லா இருக்கும். உள்ள இருக்கவன் போறதுக்குப் பயப்பட மாட்டான்னு தோணும்."

வெளியே நின்று பீடி குடித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தேன்.

பிறகு மெதுவாகக் கேட்டார். "எனக்கு ஒரு சந்தேகம் சொர்ணம். கேலி பண்ணாத. கடைசியில கர்த்தர் வீடுன்னு வருதுல்லா? அன்னைக்கு நீ படிச்ச இருபத்துநாலுல, வாசலெல்லாம் தொறக்கச் சொல்லுதாங்க, ராசா வாராருன்னு. ராசாவுக்குத் தொறப்பாங்க. எனக்குமா தொறப்பாங்க? நான் எந்த வீட்டுலயும் வெளியவே நின்னவன். அங்கயும் வெளியதான் நிக்கணுமா?"

நான் இந்தச் சங்கீதம் வாசித்த எந்த வீட்டிலும் என்னை யாரும் கேள்வி கேட்டதில்லை. கேட்கிற நிலையில் அவர்கள் இல்லை. முதல் தடவையாக ஒருவர் கேட்கிறார், அதுவும் இவர். குருவானவர் ஐயாவைக் கூப்பிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

"வெளிய நிக்க வேண்டாங்க. பந்தி போட்டு வச்சிருக்குன்னு சொல்லுதாருல்லா? போட்டவரு ஆளைக் கூப்பிடாமலா போட்டிருப்பாரு? வாசலத் தொறக்கச் சொல்லுத அந்த ராசா யாரு? நம்ம மேய்ப்பருதான். அவரு தனியா உள்ள போக மாட்டாரு. உங்களையும் கையப் பிடிச்சுத்தான் கூட்டிட்டுப் போவாரு."

இது உண்மையாக இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் இவர் எங்கே போவார்? எத்தனையோ வருஷம் சொல்லிக்கொண்டிருந்ததை இன்றைக்குத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வேறு பிடிக்க எனக்கும் ஒன்றுமில்லை.

"செருப்போடயா, கழத்திட்டா?" என்று கேட்டார்.

"கழத்திட்டுத்தான்" என்றேன்.

சிரித்தார். ஆமென் சொன்னார். எதிர்வீட்டு நாய் குரைத்தது.

ஜூலை 16, புதன்

பெனினாவுக்குப் போன் போட்டு அவரிடமே கொடுத்தேன். இரண்டு பேரும் அழுதார்கள். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்தேன். தேவையில்லாத வெங்காயம். அவள் அடுத்த வாரம் வந்துவிடுவாள்.

ஜூலை 18, வெள்ளி

இப்போது காலையில் காப்பி கொடுக்கும்போதும் இருபத்துமூன்று, உடம்பு துடைத்துவிடும்போதும் இருபத்துமூன்று. நான் பாதி, அவர் பாதி. இன்றைக்குக் காலையில் இரண்டு பேரும் சத்தமாகச் சொல்லச் சொல்ல, நான் இவருக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு லீதியாள் அதைக் கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். "ஏ, அண்ணன் போயிட்டாவளே" என்று தெருவில் நின்று அலறிவிட்டாள். ஒரு நொடியில் நாலைந்து பெண்கள் தலையை விரித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். இவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, "இன்னும் இல்ல தாயீ. வந்ததுதான் வந்தீங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

லீதியாளுக்கு முகம் செத்துவிட்டது. பிறகு எல்லாரும் சிரித்தோம். காப்பித்தூள் தீர்ந்துவிட்டது.

ஜூலை 22, செவ்வாய்

வலி அதிகம். மருந்து கொடுத்தால் தூங்குகிறார். தூங்குகிறவரைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குத் தெரியவில்லை. எழுந்து எழுந்து நடக்கிறேன். நம்பிக்கை வந்தால் மனசு அடங்கிவிடும் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். நம்பிக்கை இருக்கிறது. மனசு அடங்கவில்லை. இரண்டும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன.

ஜூலை 25, வெள்ளி

பெனினா வந்துவிட்டாள். அப்பா காலைப் பிடித்துக்கொண்டே இருக்கிறாள். அவளும் என்னை உட்காரச் சொல்லித் திட்டுகிறாள்.

ஜூலை 29, செவ்வாய்

காலையில் இவர் போய்விட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்றைக்குத்தான் எழுத முடிகிறது.

அன்றைக்குக் காலையில் தொட்டி நிரம்பி வழிந்தது. மோட்டாரை நிறுத்தப் பின்பக்கம் போனேன். பெனினா குளித்துக்கொண்டிருந்தாள். போகிற வழியில் கொடியில் கிடந்த சேலையை மடித்தேன். மடிக்காமல் வந்திருக்கலாம். திரும்பி வந்து, "கஞ்சி ஆத்தட்டுமாங்க?" என்று கேட்டேன். பதில் இல்லை. முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

தலைமாட்டில் யாருமில்லை. ஒரு வசனமும் யாரும் வாசிக்கவில்லை. ஊரில் அத்தனை பேருக்கு வாசித்தவள் தன் புருஷனுக்கு வாசிக்காமல் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். அடக்கத்துக்கு வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக என் காதருகே குனிந்து, "கடைசியில வாசிச்சியளாக்கா?" என்றார்கள். இல்லை என்றே எல்லாரிடமும் சொன்னேன். கல்லறைத் தோட்டத்தில் குருவானவர் ஐயா வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார். தடிக்குப் பிறகு நிறுத்தவில்லை.

ஐந்து நாளாக அந்த மோட்டாரையும் சேலையையும் திட்டிக்கொண்டிருக்கிறேன். என்னையும்.

ஆகஸ்ட் 9, சனி

பெனினா ஓசூருக்குப் போய்விட்டாள். கூட வரச் சொன்னாள். பிறகு வருகிறேன் என்றேன்.

சாயந்தரம் தனியாக உட்கார்ந்து இருபத்துமூன்றை எடுத்தேன். பாதி நான் சொன்னேன். மீதிப் பாதிக்கு யாரும் இல்லை. அதையும் நானே சொல்லி முடித்தேன்.

அப்போதுதான் புரிந்தது. இவருக்கு நான் வாசிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கேட்டுக் கேட்டு எல்லாம் கையோடு வைத்திருந்தார். துணைக்கு வந்த மேய்ப்பர் கையைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, என்னிடம் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். இத்தனை வருஷமும் நான் உள்ளே, அவர் வெளியே. இப்போது அவர் உள்ளே. எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆண்டவரே, வெளியே நிற்பது இனி என் முறை, எனக்குக் காத்திருந்து பழக்கமே இல்லை.